மூக்கு

மெக்கானிக்குகளில் பலபேர் காதால் வண்டி பார்ப்பவர்கள். போனட்டைத் திறக்கிறதுக்கு முந்தியே தலையைச் சாய்த்துக் கேட்டு, டேப்பட் சத்தமா பேரிங் சத்தமா என்று சொல்லிவிடுவார்கள். நான் மூக்கால் பார்க்கிறவன். கிளட்ச் கருகிய வாடை, பேட்டரி பொங்கிய வாடை, பெட்ரோல் எரியாமல் சைலன்சர் வழியாக வந்து கண்ணைக் கரிக்கிற வாடை எல்லாம் எனக்குத் தனித்தனி. இது சாமி கொடுத்த வரம் ஒன்றும் இல்லை. பிறந்த இடம் கொடுத்தது.

அவிநாசிப் பக்கம் ஒரு மாதாரி வளவில் பிறந்தவன் நான். அப்பன் பண்ணாடிகளின் கிணறுகளுக்குப் பறி தைத்தவர். கவலை இறைப்பைப் பார்க்காத இளையவர்களுக்குச் சொல்கிறேன். மேலே இரும்புச் சால், அதற்குக் கீழே வாலாகத் தொங்குகிற தோல் பை. மாடு பின்னுக்கு நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், முன்னுக்கு நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். அந்தத் தோல் பைதான் பறி. அதில் ஊசி நுழைந்த ஓட்டை வழியாக ஒரு சொட்டு ஒழுகினாலும் பண்ணாடி வாசலுக்கே வந்து வைவார். செத்த மாட்டை உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம் பட்டைத் தண்ணியில் போட்டு நாள் கணக்காகக் காத்திருந்து எடுக்கிற தோல் அது. அந்தத் தொட்டி எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. எந்த நாளில் எந்த வாடை வரவேண்டும், எந்த வாடை வந்தால் தோல் கெட்டுப்போச்சு என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் உள்ளே வந்தால் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். வாத்தியார் கண்டும் காணாததுபோல இருப்பார். எங்கள் பறி இறைத்த தண்ணியில் விளைந்த சோளத்தைத் தின்றுவிட்டு வந்தவர்கள்தான் பொத்தினார்கள். நான் படித்த காலத்தில் ஊரில் ஒன்றிரண்டு கிணறுகளில்தான் கவலை மிச்சமிருந்தது. மற்றதில் எல்லாம் கோயமுத்தூர் மோட்டார். அப்பன் பறியை விட்டு அடிபம்புக்குத் தோல் வாசர் வெட்டினார், பிறகு செருப்பு தைத்தார். 1981இல், பன்னிரண்டு வயதில், என்னைக் கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் விட்டுவிட்டுப் போனார்.

அங்கே மேஸ்திரி முதன்முதலாக என் முன்னால் ஒரு பழைய கார்ப்பரேட்டரைப் பிரித்தபோது உள்ளேயிருந்து சின்னக் கிண்ணம்போல ஒன்று வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் ஒரு பீச்சு பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளுகிற பம்ப் அது. அந்தக் காலத்துக் கார்ப்பரேட்டர்கள் பலவற்றில் அந்தப் பம்பின் வாசர் தோல். பெட்ரோலில் ஊறிக் கிடந்தும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

“அண்ணா, இது தோலுங்ணா.”

“ஆமாடா. காஞ்சு சுருங்கிப் போச்சு. அதான் மிதிச்சா வண்டி தடுக்குது.”

ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் விரலால் விளிம்பை நீவி விரித்துக் கொடுத்தேன். அப்பன் வாசருக்குச் செய்கிற வேலைதான். வண்டி தடுக்காமல் ஓடியது. அதற்குப் பிறகு கார்ப்பரேட்டர் வேலை என் கைக்கு வர ஆரம்பித்தது. தோலில் இருந்து தப்பித்து வந்தவன் அமெரிக்காக்காரன் வண்டிக்குள்ளே தோலைப் பார்த்தேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

கார்ப்பரேட்டரை வைத்து முப்பது வருசத்துக்கு மேல் சோறு தின்றேன். 2000 வாக்கில் புதுக் கார்களில் அது காணாமல் போனது. 2014இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததும் இருசக்கர வண்டிகளிலும் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சமிருந்தது பணக்காரர்களின் பழைய கார்கள் மட்டும். எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை. அப்படி நான் பதினான்கு வருசம் பார்த்து வந்த வண்டி ஒன்று, 1964 இம்பாலா. எட்டு சிலிண்டர், 283 கன அங்குல என்ஜின். நம் கணக்கில் 4.6 லிட்டர். ஒரு மில் குடும்பத்துக்குச் சொந்தம்.

பெரியவர் இருந்தவரை கார்ப்பரேட்டரோடுதான் ஓடியது. மகன் கைக்கு வந்ததும், அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார். பெட்ரோல் இஞ்செக்‌ஷன். கார்ப்பரேட்டர் இருந்த இடத்திலேயே அதே நான்கு போல்ட்டில் உட்காருகிற சாமான். வெளியூரிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து மாட்டினார். என்னைக் கூப்பிடவில்லை. “இது கம்ப்யூட்டர் வேலை மேஸ்திரி” என்று டிரைவர் சொன்னார். அது புதுசு என்பது போலப் பேசினார்கள். இதே 283 என்ஜினுக்கு ஷெவர்லே கம்பெனி 1957லேயே இஞ்செக்‌ஷன் போட்டு விற்றது. அதில் கம்ப்யூட்டர் கிடையாது, முழுக்க மெக்கானிக்கல். ஆள் கிடைக்காமல் பலபேர் கழற்றி எறிந்துவிட்டுக் கார்ப்பரேட்டர் மாட்டினார்கள்.

இந்தப் புதுப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடந்தது விளங்காது. கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் 5, 6 பவுண்டு அழுத்தத்தில் போனால் போதும். இதற்கு 58 பவுண்டு வேண்டும். அதனால் தனி மின்சாரப் பம்ப். எவ்வளவு பீச்சுவது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. கணக்கு சரியா என்று பார்க்க, சைலன்சர் குழாயில் மேனிஃபோல்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஆக்சிஜன் சென்சார் திருகியிருக்கும். அதுதான் கம்ப்யூட்டருக்கு மூக்கு. ஆனால் அந்த மூக்குக்குப் பெட்ரோல் வாடை தெரியாது. எரிந்து வருகிற புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். மிச்சம் அதிகம் என்றால் ‘பெட்ரோல் பத்தவில்லை’ என்று முடிவு கட்டி இன்னும் பீச்சும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது இந்த மூக்கைக் கேட்காது. மனப்பாடமாக வைத்திருக்கிற கணக்குப்படி ஊற்றும். என்ஜின் சூடேறிய பிறகுதான் மூக்குப் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும்.

2025 ஆனி மாதம் கூப்பிட்டனுப்பினார்கள். வண்டி காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிறது, கேட் தாண்டிப் போகிறது, ஐந்தாறு நிமிசத்தில் கரும்புகை. சிக்னலில் நின்றால் ஆஃப். கூப்பிட்டது பழுது பார்க்க அல்ல. வண்டிக்கு அடியில் படுத்துப் பெட்ரோல் பம்பை மாற்ற. என்ஜினியர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார், பம்ப் கோளாறு என்று. மாற்றினேன். கேஜ் வைத்துப் பார்த்தேன். பழைய பம்பும் 58 காட்டியிருக்கிறது, புதுசும் 58 காட்டியது. புகை அப்படியே.

பிறகு என்ஜினியரே வந்தார். லேப்டாப்பைச் செருகினார். அவரைக் குறைசொல்லப் போவதில்லை, முதலில் பார்த்த இரண்டும் நியாயமான சந்தேகம். ஒன்று, எர்த்து. அறுபது வருசத்து வண்டியில் துருவும் பெயிண்டும் ஏறிய பாடியில் எர்த்து கொடுத்தால் கம்ப்யூட்டர் தடுமாறும். கரண்டும் எர்த்தும் பேட்டரி முனையிலிருந்தே நேராக வரவேண்டும். இரண்டாவது, இக்னிஷன் காயில் வயரும் சென்சார் வயரும் ஒரே கட்டாகப் போனால், காயில் அடிக்கிற அடியில் சென்சார் சொல்வது குழம்பும். வயரைப் பிரித்துக் கட்டினார். நல்ல வேலைதான். புகை நிற்கவில்லை. திரையில் காற்று 17 என்று காட்டியது. 14.7க்கு மேலே போகப் போகப் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அவர் கணக்கில் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டினார். புகை இன்னும் கறுத்தது.

எனக்குக் கண் கரித்தது. சைலன்சர் பக்கம் நிற்க முடியவில்லை.

“சார், பெட்ரோல் குறையலீங்க. ஜாஸ்தியா போகுதுங்க. வாடை வருதுங்க.”

அவர் சிரித்தார். கோபமாகக்கூட இல்லை, சின்னப் பையனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. “திரையில 17 காட்டுதப்பா. சென்சாரை நம்பறதா, உன் மூக்கை நம்பறதா?”

மில் முதலாளி மகனும் சிரித்தார். எனக்கு ஐம்பத்தாறு வயது. அவர்கள் இரண்டுபேருக்கும் முப்பத்தைந்துக்குள் இருக்கும். டீ வந்தது. இப்போதெல்லாம் பேப்பர் கப் வந்துவிட்டதால் யாருக்கு எந்த டம்ளர் என்ற தொல்லை அந்த வீட்டுக்காரர்களுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் முடித்தவன். 2009இல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 விழுக்காட்டில் சீட் வாங்கியவன். எங்கள் வளவிலிருந்து பாலிடெக்னிக் போன முதல் ஆள். (அந்த உள் ஒதுக்கீடு செல்லுமா செல்லாதா என்று பதினைந்து வருசம் கோர்ட்டில் இழுத்தார்கள். செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்தது.) வேறு வழியில்லாததால் முதலாளி மகன் விட்டார். அடுத்த வாரம் பழைய கார் ஊர்வலம் இருந்தது.

வண்டிக்குள் ஏறப்போனான். டிரைவர் ஓடிவந்து சீட்டில் பேப்பர் விரித்தார். வெள்ளைத் தோல் சீட், புதுசாகத் தைத்தது. கிரீஸ் படும் என்றுதான் விரித்தார் என்று நானும் நினைத்திருப்பேன். என் மேல் கிரீஸ் உண்டு. அவன் துவைத்த சட்டை, துவைத்த பேண்ட். முந்தின வாரம் அந்த என்ஜினியர் வயர் கட்டிய கையோடு அதே சீட்டில் உட்கார்ந்தபோது பேப்பரைக் காணோம். பையன் ஒன்றும் பேசவில்லை. பேப்பரை நான்காக மடித்து டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

எட்டுப் பிளக்கும் கரி. ஈரக் கரி. பெட்ரோல் குறைவாக ஓடுகிற என்ஜினில் பிளக் வெளுத்திருக்கும். இது அடுப்படிச் சுவர்போல இருந்தது. எட்டையும் வரிசையாக ஃபெண்டர் மேல் துணி போட்டு வைத்தேன். திரை ‘பத்தவில்லை’ என்கிறது, பிளக் ‘ஏன் இப்படிக் கொட்டுகிறாய்’ என்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

பிளக்கைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் பண்ணினோம். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் சில நிமிசம் கம்ப்யூட்டர் மூக்கைக் கேட்கவில்லை, என்ஜின் பட்டுப்போல ஓடியது. சூடு ஏறிக் கேட்க ஆரம்பித்த அந்த வினாடியிலிருந்து, கூட்டு 10 விழுக்காடு, 15, 20. புகை வந்தது. நாங்கள் இரண்டுபேரும் எங்கள் வீட்டுத் தெலுங்கில் பேசிக்கொண்டோம். அவசரத்தில் அதுதான் வாயில் வரும். வராந்தாவில் இருந்து, “என்னடா பாஷை அது? தமிழ்ல பேசுங்க” என்று குரல் வந்தது.

“மூக்குப் பேச்சைக் கேட்காதேன்னு சொல்ல முடியுமா மாப்ள?” என்றேன்.

“முடியும் மாமா.” நான்கைந்து பக்கம் தள்ளி ஒரு இடத்தில் அதை நிறுத்தினான். கம்ப்யூட்டர் மனப்பாடக் கணக்குக்குத் திரும்பியது. கொஞ்ச நேரம் இருமிவிட்டு என்ஜின் சுத்தமாக ஓடியது. சூடாகவே, நின்ற இடத்திலேயே. புகை இல்லை. கண் கரிப்பு இல்லை. அப்போது பம்ப், வயர், பெட்டி மூன்றும் குற்றவாளி இல்லை. மூக்கு வரைக்கும் வேறு காற்று வருகிறது.

சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் எங்கேயாவது ஓட்டை இருந்தால் புகை வெளியே போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உள்ளேயும் வரும். என்ஜின் ஒவ்வொரு தடவை புகையைத் தள்ளும்போதும், தள்ளிய பிறகு ஒரு கண நேரம் குழாய்க்குள் இழுவை உண்டாகிறது. ஐட்லிங்கில் அந்த இழுவை வெளிக்காற்றை ஓட்டை வழியாக உறிஞ்சும். சென்சாருக்கு அது தெரியாது. ஆக்சிஜன் மிச்சம் என்று சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். பெட்ரோல் அளவு மீறினால் சிலிண்டரில் பொறி தவறும். பொறி தவறினால் எரியாத காற்று அப்படியே வெளியே வரும். சென்சார் இன்னும் சத்தமாகச் சொல்லும். இப்படியே சுற்றிச் சுற்றி, பெட்ரோலில் மூழ்கிய என்ஜினைப் பார்த்துப் பட்டினி கிடக்கிறது என்று அந்தத் திரை சத்தியம் பண்ணும். சாலையில் வேகமாகப் போகும்போது புகையின் அழுத்தம் கூடுவதால் உறிஞ்சுவது குறையும். அதனால்தான் ஓடும்போது சுமாராக ஓடி, சிக்னலில் செத்தது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒன்றும் பெரிய சாமான் வேண்டாம். என்ஜினை ஆற வைத்தோம். சைலன்சர் வாயில் துணி சுற்றி ஒரு பிளோயரை வைத்துக் காற்று விட்டான். நான் அடியில் படுத்து மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணி தெளித்தேன். வலது பக்கம், மேனிஃபோல்டும் குழாயும் சேருகிற இடத்தில் மூன்று ஸ்டட்டில் ஒன்றின் பக்கம் பொங்கல்போல நுரை பொங்கியது. விரலால் தடவினேன். ஸ்டட் உடைந்து உள்ளேயே நின்றிருந்தது. அந்தக் குழியைப் பட்டி வைத்து அடைத்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வண்டியை ஷோவுக்குத் தயார் பண்ணியபோது யாரோ செய்த வேலை. பார்க்க அழகாக இருந்தது.

உடைந்த ஸ்டட்டை எடுக்க ஐந்து மணி நேரம். வார்ப்பிரும்பைச் சிவக்கச் சூடேற்றி, மெழுகுவர்த்தியைத் தொட்டு உருகவிட்டு, மறை இடுக்கில் இறங்கியபின் அசைத்து அசைத்துத் திருகி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மேனிஃபோல்டே பிளந்துவிடும். மூன்று ஸ்டட்டும் புதுசு போட்டேன், நட்டு மூன்றும் பித்தளை, அடுத்த முறை கழற்றுகிறவன் என்னைத் திட்டக்கூடாது என்று. பேக்கிங் புதுசு. பையன் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த பொய்க் கணக்கை அழித்து, மூக்கை மறுபடி திறந்துவிட்டான். கால் மணி நேரத்தில் 14க்குப் பக்கத்தில் வந்து நின்றது. கூட்டல் கழித்தல் இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள்.

முதலாளி மகன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். சந்தோசம்தான். “என்ன பண்ணினீங்க?” என்று கேட்டார். “ங்க” போட்டுக் கேட்டார், பையனைப் பார்த்து. அவன் நடந்ததைச் சொன்னான். “ஓ, ஒரு பேக்கிங்தானா?” என்றார். ஸ்டட் மூன்று, பேக்கிங் ஒன்று, ஒருநாள் கூலி கணக்குப் பார்த்துக் கொடுத்தார்.

பையன் கையை நீட்டவில்லை. “சார், என்ஜினியருக்கு வந்து பார்த்ததுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?”

“அது கன்சல்டேஷன்பா. அவர் என்ஜினியர்.”

“நாங்களும் பார்த்தோம் சார். கண்டுபிடிச்சோம்.”

வராந்தாவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்குப் பழைய பழக்கம், போதும் வா என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. கடைசியில் கூலிக்கு மேல் அதே அளவு இன்னொரு மடங்கு கொடுத்தார். என்ஜினியருக்குக் கொடுத்ததில் கால்பாகம்கூட வராது என்று டிரைவர் வெளியே வந்து சொன்னார். ஊர்வலத்தில் வண்டி நன்றாக ஓடியதாம். இஞ்செக்‌ஷனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அந்த என்ஜினியரின் போன் நம்பரைத்தான் கொடுத்தாராம். அதையும் டிரைவர்தான் சொன்னார். எங்கள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவரும் அவர்தான்.

பையன் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறான். என் மேஸ்திரி எனக்கு எதையும் எழுதிக் கொடுத்ததில்லை, அவருக்கு அவர் மேஸ்திரி எழுதிக் கொடுத்ததில்லை. அப்பன் பறி வெட்டிய அளவுகூட எங்கும் எழுதப்படவில்லை, அவர் கையோடு போய்விட்டது. நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் குறை, சோதனை, காரணம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுகிறான். நான் சொல்லச் சொல்ல வாடைகளையும் எழுதுகிறான். சில வாடைக்கு வார்த்தை கிடைக்காமல் எங்கள் வீட்டுத் தெலுங்கில் எழுதி வைத்திருக்கிறான்.

இம்பாலாவில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கு அது ஆகாது, உள்ளுக்குள்ளேயே நைந்து பொடி உதிரும். இத்தனை சின்ன இஞ்செக்டர் ஓட்டைக்குப் பொடி ஒன்று போதும். டேங்க்கிலிருந்து பம்ப் வரைக்கும் இருக்கிற பழைய குழாயை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று அமுங்கியது. மாற்றச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் வண்டி வரவில்லை.